மதிப்பெண் தாளில் இருந்த பெயர்

2011இல் சிங்கப்பூரில் துணைப் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது சுடும் பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். விடியற்காலை நாலு மணிக்கு ஜொகூர் பாருவில் மோட்டார் ஏறி, பாலத்தில் நெரிசலில் நின்று, ரேஞ்சுக்குப் போய்ச் சேரும்போதே கை விறைத்திருந்தது. ஆனால் தோற்றதற்குக் காரணம் அதுவல்ல. எங்களுக்குக் கொடுத்தது ஐந்து தோட்டா பிடிக்கும் .38 ரிவால்வர். அதன் ட்ரிகர் நீளமானது, கனமானது. என் ஆட்காட்டி விரல் அதன் மேல் முழுசாகப் படியாது. இழுக்க இழுக்கக் குழல் இடது பக்கம் கீழே சாயும். வெடிக்கும்போது இலக்கில் நான் பார்த்த இடம் வேறு, ஓட்டை விழுந்த இடம் வேறு.

பயிற்சியாளர் பொறுமையான மனிதர். திட்டவில்லை. என் கையிலிருந்த ரிவால்வரை வாங்கினார். ஐந்து தோட்டா போட்டார். ஐந்தையும் இலக்கின் நடுவில் ஒரு கோப்பித் தட்டு அகலத்துக்குள் அடித்தார்.

“இந்தா பாரு. துப்பாக்கியில கோளாறு இல்லமா. கையிலதான்.”

அதற்கு மேல் என்ன வாதாட முடியும்? வீட்டில் இரண்டு வாரம் ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து விரலுக்குப் பலம் ஏற்றினேன். மறுபரீட்சையில் தட்டுத்தடுமாறித் தேறினேன். தாளில் என் பெயர், என் எண், என் மதிப்பெண். அதன் பிறகு நாலு வருடம் இடுப்பில் அதே வகை ரிவால்வரோடு வேலை பார்த்தேன். பரீட்சைக்களத்துக்கு வெளியே ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. வேலையை விட்ட பிறகும் ஒரு விஷயம் மட்டும் மனதில் ஆணியடித்த மாதிரி இருந்தது. எனக்குத் துப்பாக்கி வராது. என் கை சரியில்லை.

அந்த ஆணியை அசைத்துப் பார்க்கும் வாய்ப்பு பன்னிரண்டு வருடம் கழித்து, 2023இல், டெக்சஸில் கிடைத்தது.

பெரியப்பா மகன் அங்கே இருபது வருடமாக இருக்கிறார். கணினி நிறுவனமொன்றில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. யாரோ எழுதிய நிரலை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று யோசிப்பதுதான் சம்பளத்துக்கான உழைப்பு. அண்ணி ஈப்போக்காரர். டாலஸுக்கு வடக்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை நடத்துகிறார். முருங்கைக்காய், இடியாப்ப மாவு, எப்போதாவது நம்மூர் மைலோ. இரவு ஒன்பதரைக்குக் கடையைப் பூட்டி, அன்றைய ரொக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கார் ஓட்டி வருவார். ஒருநாள் ஒரு வண்டி கடையிலிருந்தே பின்னால் வந்திருக்கிறது. வீட்டுத் தெருவரை வந்து, முனையில் நின்று, திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது. மறுவாரம் அண்ணி துப்பாக்கிக் கடைக்குப் போனார்.

நம்மூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மூச்சு நிற்கும். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே, யார் மீதும் படாவிட்டாலும், மரண தண்டனை. மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2023வரை ஏறக்குறைய அதே கடுமையோடுதான் இருந்தது. துப்பாக்கி என்றால் நமக்குக் கயிறு. டெக்சஸிலோ 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடுப்புக்குள் வைத்துக்கொண்டு நடமாடலாம். அதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. அன்றாடம் சாவிக்கொத்து, கைப்பேசியோடு சேர்த்து எடுத்துப் போகும் அளவுக்குச் சின்னத் துப்பாக்கிகள்.

கடைக்காரர் அண்ணியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். “பெண்களுக்கு இதுதான். லேசு. சிக்கல் இல்லாதது.” ஐந்து தோட்டா. எடை அரைக் கிலோகூட இல்லை. அண்ணி வாங்கி வந்துவிட்டார்.

நான் போய் இறங்கியபோது அண்ணிக்கு அதைப் பிடிக்காமல் போயிருந்தது. “சுட்டா கை வலிக்குது லா. எங்க படுதுன்னே தெரியல. எனக்கு வராது போல.”

எனக்கு வராது. என் வாயிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

அண்ணன் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் மூன்று துப்பாக்கிகளின் பெயர்களை எழுதினார். அண்ணியின் ரிவால்வர், நடுத்தர அளவுள்ள கிளாக் 19, அதைவிடச் சின்னதான சிக் பி365. கடைசி இரண்டும் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல்கள். “எது உனக்குச் சரின்னு கடைக்காரன் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஒரே சோதனைய மூணுக்கும் வைப்போம். எண் சொல்லட்டும்.”

என்னையும் சுடச் சொன்னார். முடியாது என்றேன். நான் சுற்றுலா விசாவில் வந்தவள். அப்படி வந்தவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அண்ணன், “அதையும் கடையில வாங்கிக்கலாம், பத்து நிமிஷ வேலை” என்றார். மான் சுடும் உத்தேசமே இல்லாமல் மான் சுடும் உரிமம் வாங்க எனக்கு மனம் வரவில்லை. டைமரும் நோட்டும் பென்சிலும் என் பொறுப்பாயின.

டைமர் என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. ‘பீப்’ என்று கத்தும். அதன் பிறகு ஒவ்வொரு வெடிச் சத்தத்தையும் கேட்டு, நொடியில் நூறில் ஒரு பங்குவரை நேரம் காட்டும்.

முதல் சனிக்கிழமை அண்ணன் சோதனையைத் தானாக உருவாக்கவில்லை. பேர்பெற்ற பயிற்சிகளை அப்படியே எடுத்துக்கொண்டார். பில் வில்சன் பெயரால் வழங்கும் பயிற்சியில் ஏழு யார்டு தூரத்திலிருந்து ஆறு தோட்டாக்களை முடிந்த வேகத்தில் சுட வேண்டும். ஜெஃப் கூப்பர் 1970களில் பரப்பிய ‘எல் பிரசிடென்டே’யில் பத்து யார்டில் மூன்று இலக்குகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சுட்டு, தோட்டா மாற்றி, மறுபடியும் இரண்டிரண்டு. டாட் கிரீன் உருவாக்கிய ‘ஃபாஸ்ட்’டில் ஒரு சின்ன அட்டையில் இரண்டு, தோட்டா மாற்றம், எட்டு அங்குல வட்டத்தில் நாலு. ஐந்து நொடிக்குள் முடித்துக் காட்டியவர்களுக்கு அவர் ஒரு நாணயம் கொடுத்துவந்தார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் குழம்பிவிட்டது. ஆறு தோட்டா கேட்கும் பயிற்சியை ஐந்து தோட்டா ரிவால்வரில் எப்படிச் செய்வது? தோட்டா மாற்றும்போது பிஸ்டல்காரர் ஒரு கூட்டை உருவி இன்னொன்றைச் செருகுகிறார். ரிவால்வரில் உருளையைத் திறந்து, வெற்றுத் தோட்டாக்களைக் கொட்டி, புதிதாக நிரப்ப வேண்டும். அண்ணியின் நேரத்தில் பாதி அதற்கே போயிற்று. இரவு பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் யாராவது தோட்டா மாற்றிக்கொண்டு நிற்பார்களா என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி.

அண்ணன் திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. இரவு சொன்னார், “தப்பு எங்கன்னு புரிஞ்சிடுச்சு. அந்தப் பயிற்சியெல்லாம் ஆளைச் சோதிக்கிறதுக்கு. அதுல துப்பாக்கி என்னவா இருந்தாலும் சரி, ஆள் எவ்வளவு தேர்ந்தவன்னு பாக்குறது. நமக்கு வேண்டியது தலைகீழ். ஆள் அப்படியே நிக்கணும், துப்பாக்கி மட்டும் மாறணும்.”

டெக்சஸ் உரிமத் தேர்வும் ஆளைச் சோதிப்பதுதான். 3, 7, 15 யார்டுகளிலிருந்து மொத்தம் 50 தோட்டா. 250 மதிப்பெண்ணில் 175 எடுத்தால் தேர்ச்சி. பெரிய துப்பாக்கியில் தேறிவிட்டு மறுநாள் வேறொரு குட்டித் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போனாலும் அந்தத் தேர்வுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அண்ணனே விதிகளை எழுதினார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

எந்தச் சுற்றிலும் ஐந்து தோட்டாவுக்கு மேல் இல்லை. இருப்பதிலேயே குறைவாகப் பிடிக்கும் துப்பாக்கிதான் எல்லாருக்கும் எல்லை. தோட்டா மாற்றம் கிடையாது. உறையிலிருந்து உருவுவதும் இதில் கிடையாது, அதற்குத் தனிச் சோதனை. துப்பாக்கியைத் தரை நோக்கித் தாழ்த்திப் பிடித்து நிற்க வேண்டும், ‘பீப்’ கேட்டதும் உயர்த்த வேண்டும். முதல் சுற்று 3 யார்டு, எட்டு அங்குல வட்டத்தில் ஐந்து. இரண்டாவது 7 யார்டு, அதே வட்டம். மூன்றாவது 5 யார்டு, வலது கை மட்டும். நாலாவது 5 யார்டு, ‘பீப்’புக்கு ஒரே ஒரு தோட்டா, அப்படி ஐந்து தடவை. கடைசி 10 யார்டு, மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டை. மொத்தம் 25 தோட்டா. வெளியே போன ஒவ்வொன்றுக்கும் இரண்டு நொடி அபராதம். எல்லா நேரத்தையும் கூட்டினால் வருவது ஒரே எண். குறைவாக இருந்தால் நல்லது.

ஒரே கம்பெனித் தோட்டா, ஒரே இலக்கு, ஒரே வரிசை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்று அண்ணிக்கு ரிவால்வரில் 36 நொடி, பி365இல் 26, கிளாக்கில் 21. அண்ணன் முகம் மலர்ந்தது. நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஒன்று உறுத்தியது.

“அண்ணா, ரிவால்வர எப்பவும் முதல்லயே சுட வைக்கிறீங்க. அண்ணிக்குக் கை பழகுறதுக்குள்ள அதோட முறை முடிஞ்சிடுது. கிளாக் கடைசில வருது.”

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இத ஆபீஸ்ல ஒருத்தன் செஞ்சிருந்தா கிழிச்சிருப்பேன்.”

அதற்கும் ஒரு விதி வந்தது. கிளாக் இனி போட்டியாளர் இல்லை, அளவுகோல். நாளின் முதல் சுற்று அதில், கடைசிச் சுற்றும் அதில். மற்ற இரண்டும் நடுவில், வாரத்துக்கு வாரம் வரிசை மாறி. கிளாக்கின் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் அன்றைய கணக்கே தள்ளுபடி. அன்று ஆள் மாறிவிட்டாள் என்று அர்த்தம். பழகியிருக்கலாம், களைத்திருக்கலாம். நாங்கள் ஒரு சனிக்கிழமையை அப்படித் தூக்கிப் போட்டோம். அன்று வெயில் தாங்கவில்லை.

வரிசை மாற்றியதும் வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை. ரிவால்வர் 33, பி365 25, கிளாக் 21 என்று நின்றது.

இதற்கிடையில் அண்ணனும் அதே 25 தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தார். அவர் பத்து வருடமாகச் சுடுபவர். கையும் பெரியது. அவருடைய எண்களை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தேன். ரிவால்வர் 17, பி365 16, கிளாக் 15. ஒரு ஞாயிறு காலை பசியாறும்போது இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

அண்ணன் பக்கத்தை மட்டும் படிப்பவர் என்ன சொல்வார்? மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் வாங்கு, பயிற்சிதான் முக்கியம் என்பார். அது பொய்யும் இல்லை. அவருக்கு அது உண்மை. அண்ணி பக்கத்தைப் படிப்பவருக்கோ ஒரு துப்பாக்கிக்கும் இன்னொன்றுக்கும் பன்னிரண்டு நொடி இடைவெளி. தேர்ந்தவர் கையில் துப்பாக்கியின் குறை தெரிவதில்லை. அவர் திறமை அதை மூடிவிடுகிறது. துப்பாக்கியைச் சோதித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தேர்ந்தவர்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அண்ணி மாதிரி.

ரிவால்வரில் என்ன நடக்கிறது என்பதையும் அண்ணன் தராசு வைத்துக் காட்டினார். அதன் எடை நானூறு சொச்சம் கிராம். ட்ரிகரை இழுக்கத் தேவைப்பட்டது பன்னிரண்டு பவுண்டு, ஐந்து கிலோவுக்கு மேல். தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பலத்தோடு விரல் இழுக்கும்போது, லேசான துப்பாக்கி விரல் போகும் பக்கம் போகத்தான் செய்யும். பெரிய உள்ளங்கை அதை அமுக்கிப் பிடிக்கும். சின்னக் கையால் முடியாது. லேசாக இருப்பதால் வெடித்த பின் உதையும் அதிகம். கடைக்காரர் பெண்களுக்கு ஏற்றது என்று சொன்ன அதே லேசுதான் அண்ணியின் கையை வலிக்கவைத்தது.

நான் அந்த இரண்டு பக்கங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2011இல் என் ரிவால்வரை வாங்கி, ஐந்தையும் நடுவில் அடித்துக் காட்டினாரே, அது நினைவுக்கு வந்தது. அதை நான் நிரூபணம் என்று எடுத்துக்கொண்டேன். அது நிரூபித்தது ஒன்றைத்தான். அந்த ரிவால்வர் அவர் கையில் சரியாகச் சுடும். என் கையில் அது என்ன செய்கிறது என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் பரீட்சை அப்படித்தான் கொடுக்கப்பட்டது. தாளில் பெயர் எழுதும் இடம் ஒன்றுதான் இருந்தது. அங்கே என் பெயர் இருந்தது.

சிங்கப்பூர்ப் போலீஸ் பிற்பாடு ரிவால்வரை விட்டு கிளாக் பிஸ்டலுக்கு மாறும் என்று செய்தி வந்தபோது நான் அதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போயிருந்தேன். அந்த ஞாயிறு அதுவும் ஞாபகம் வந்தது.

அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு பழைய கதை சொன்னார். அமெரிக்கர்கள் கைத்துப்பாக்கியைச் சோதித்த அந்தக் கதை நம் பக்கத்துக் கடலில் ஆரம்பிக்கிறது. சபாவுக்கு எதிரே சூலு, மிண்டானாவ் தீவுகளில் மோரோக்களோடு சண்டையிட்டபோது, தங்கள் .38 ரிவால்வரின் தோட்டாக்கள் பட்ட பிறகும் ஆட்கள் வாளோடு ஓடி வந்ததாக அமெரிக்க வீரர்கள் புகார் செய்தார்கள். 1904இல் தாம்ப்ஸன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் சிகாகோவின் மாட்டுத் தொழுவத்தில் உயிருள்ள மாடுகளையும், தனியாக மனிதப் பிரேதங்களையும் வெவ்வேறு தோட்டாக்களால் சுட்டுப் பார்த்தார்கள். சுட்ட மாடுகள் கொஞ்சம்தான், முறையும் இடையில் மாறியது. ஆனாலும் .45க்குக் குறைந்தது எதுவும் கூடாது என்று எழுதினார்கள். 1911இல் ராணுவம் தேர்ந்தெடுத்த கோல்ட் பிஸ்டல் 6,000 தோட்டாக்கள் சிக்காமல் சுட்டுக் காட்டியது. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பின், தோட்டாவுக்கு என்று கறாரான சோதனை வந்தது. பத்து விழுக்காடு ஜெலட்டின் கட்டி, அதன் முன்னால் துணி, பலகை, தகரம், கார்க் கண்ணாடி. தோட்டா பன்னிரண்டு அங்குலமாவது உள்ளே போக வேண்டும்.

“தோட்டா எவ்வளவு ஆழம் போகும்னு அங்குலக் கணக்குல தெரியும். அத வாங்குற ஆளோட கைல அது எங்க போகும்னுதான் யாரும் அளக்கல” என்றார் அண்ணன்.

மூன்றாவது வாரத்தில் உறையிலிருந்து உருவும் சோதனை. இதற்கும் அமெரிக்கர்கள் எழுதிவைத்த வழக்கமான முறை ஒன்று இருக்கிறது. வெளியே விட்ட சட்டை, உள்ளே தடித்த பெல்ட், பெல்ட்டில் உறை. அண்ணி கடையில் அணிவது சுடிதார். பெல்ட் எங்கே போடுவது? இடுப்பில் சுற்றும் எலாஸ்டிக் பட்டியில் துப்பாக்கியைச் செருகி, மேலே டாப்ஸை விட்டுக்கொண்டார். டாப்ஸ் முழங்கால்வரை. அதை ஒரு கையால் அள்ளித் தூக்கி மற்றக் கையால் உருவுவதற்குள் அண்ணனைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. கைப்பையில் வைத்தால் இன்னும் நேரம். அதோடு பை எப்போதும் கல்லாவின் ஓரத்தில் கிடக்கும். பள்ளி விட்டு வரும் ஏழு வயதுப் பையன் அதில்தான் சாக்லேட் தேடுவான். கைப்பை என்ற பேச்சை அண்ணி அன்றே நிறுத்திவிட்டார்.

அண்ணிதான் தாளில் கடைசிப் பத்தியைச் சேர்த்தவர். ‘உடன் இருந்த நாட்கள்’ என்று தலைப்பு. ஒவ்வொரு துப்பாக்கியையும் பத்து நாள் எடுத்துப் போக முயல்வது, எத்தனை நாள் நிஜமாக இடுப்பில் இருந்தது என்று குறிப்பது. நன்றாகச் சுடும் கிளாக் மூன்று நாள்தான் இருந்தது. அரிசி மூட்டையைத் தள்ளும்போது வயிற்றில் குத்துகிறது, உட்கார்ந்தால் துருத்துகிறது. பி365 ஏழு நாள். மிக மோசமாகச் சுட்ட ரிவால்வர் ஒன்பது நாள்.

அண்ணன் உடனே நொடியையும் நாளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கப் பார்த்தார். எதற்கு எத்தனை விழுக்காடு மதிப்பு என்று கணக்குப் போட ஆரம்பித்தார். அண்ணி பென்சிலைப் பிடுங்கிவிட்டார். “ரெண்டையும் தனித்தனியா வைங்க. சேர்த்துட்டா எதை விட்டுக் கொடுத்தேன்னு எனக்கே தெரியாம போயிடும்.”

நான் கேட்ட வாக்கியங்களிலேயே சோதனை பற்றிய நல்ல வாக்கியம் அதுதான். நம் பள்ளிகளில், வேலையிடங்களில் எத்தனை விஷயங்களைக் கூட்டிப் பெருக்கி ஒரே எண்ணாக்கி நெற்றியில் ஒட்டுகிறார்கள். அந்த எண்ணுக்குள் எதை எதற்காக விட்டுக் கொடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

சிக்காமல் சுடுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. பி365இல் அதுவரை 200 தோட்டா சுட்டிருந்தோம், ஒருமுறையும் சிக்கவில்லை. நான், அப்படியென்றால் நம்பலாம்தானே என்றேன். அண்ணன் தலையாட்டினார். மூன்றை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 200 தடவை தப்பே நடக்கவில்லை என்றால், 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது, நூற்றுக்கு ஒன்றரையைவிட அதிகம் சிக்காது என்பது மட்டும்தான். சுழியம் தப்பு என்று எழுதியிருப்பதால் தப்பே நடக்காது என்று அர்த்தமில்லை.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, பையன் தூங்கிய பிறகு அடுப்படியில் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தேன். பி365ஐத்தான் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ரிவால்வரை விற்றுவிடலாம்.

எனக்குள் கிடந்ததைக் கேட்டேன். “அண்ணி, அன்னிக்குப் பின்னால வந்த வண்டிக்கு இது பதிலா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பது அவருக்கும் தெரியும். வீட்டுக்குள் வரும் துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை 25 தோட்டாவில் அளக்க முடியாது. இரும்புப் பெட்டி இருக்கிறது, அதன் எண் பையனுக்குத் தெரியாது, தோட்டா தனியாக இருக்கிறது. இதெல்லாம் சொன்னார். பிறகு, “தெரியல லா. ஆனா முன்ன எனக்கு வராதுன்னு பயந்தேன். இப்ப அந்தப் பயம் இல்ல. மத்த பயமெல்லாம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

எனக்கும் அப்படித்தான். நான் துப்பாக்கியை விரும்பவில்லை. டெக்சஸ் சட்டம் நம்மூருக்கு வர வேண்டும் என்றும் நினைக்கவில்லை. டைமரைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களில் ஒருமுறையும் சுட ஆசை வரவில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக என் விரலைப் பற்றி நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்று, நான் ஒரு தோட்டாகூடச் சுடாமலேயே கழன்று விழுந்தது. தோற்றவர்களிடம் இனி முதலில் நான் கேட்கப்போவது, உன் கையில் என்ன கொடுத்தார்கள் என்பதுதான்.

அண்ணன் இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை தாளைப் படம் பிடித்து அனுப்புகிறார். தலைப்பில் இப்போது மூன்று இடங்கள் இருக்கின்றன. சுடுபவர், துப்பாக்கி, உள்ளங்கை அளவு. அண்ணியின் மொத்த நேரம் 22க்கு வந்துவிட்டது. போன மாதத் தாளில் நான் முதலில் பார்த்தது கடைசிப் பத்தியை. உடன் இருந்த நாட்கள், முப்பதில் பதினொன்று. அதற்கு முந்தைய மாதம் பத்தொன்பது. ஏன் குறைகிறது என்று நான் கேட்கவில்லை. நேரம் குறைந்ததற்கு மட்டும் வாழ்த்து அனுப்பினேன்.